ஏலத்தில் வீடு எடுக்கப்போகும் தஞ்சைப் பிள்ளைகளுக்கு



சிங்கப்பூர், துபாய், மஸ்கட், கோலாலம்பூர் என்று போய் உழைக்கும் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளாகிய உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அதனால்தான் செய்தித்தாளில் வரும் ஏல அறிவிப்பைப் படம் பிடித்து எனக்கு அனுப்புகிறீர்கள். “சித்தப்பா, மேல வீதிப் பக்கம் முற்றம் வைத்த வீடு, முப்பது லட்சந்தான் போட்டிருக்கான், எடுத்துடலாமா?” என்று கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் துண்டு துண்டாகச் சொன்னது போதாது என்று தோன்றியது.

எடுக்கலாம். நம் ஊர்ப் பழைய வீடு கைவிடப்பட்டு இடிந்து போவதைவிட, அதில் வளர்ந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் எடுத்துச் சரிசெய்து குடியேறுவது எனக்கு மிகவும் பிடித்த காரியம். ஆனால் வீட்டை வாங்குகிற பணமும், அதைக் குடியிருக்கத் தக்கதாக்குகிற பணமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. முதலாவதற்கு வங்கி ஓரளவு கை கொடுக்கும். இரண்டாவதற்கு, உங்களுக்கு வேண்டிய நேரத்தில் வராது. ரிப்பேருக்கான பணம் முழுவதையும் ரொக்கமாகத் தனியே வைத்திருக்காதவர் ஏலம் கேட்கக் கூடாது என்பது என் முடிவான கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

கடன் வாங்கியவர் தவணை கட்டாமல் கணக்கு வாராக்கடன் ஆனால், 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி நீதிமன்றத்துக்குப் போகாமலே வங்கி அடமானச் சொத்தை எடுத்து விற்கலாம். முதலில் 60 நாள் அவகாசம் தரும் நோட்டீஸ். பிறகு சுவாதீன நோட்டீஸ். அதன் பிறகு விற்பனை நோட்டீசும் ஏல அறிவிப்பும். முதல் முறை ஏலம் என்றால் அறிவிப்புக்கும் ஏலத்துக்கும் நடுவே 30 நாளாவது இருக்க வேண்டும். இப்போது பொதுத்துறை வங்கிகளின் ஏலங்கள் பெரும்பாலும் 2025 ஜனவரியில் தொடங்கிய பாங்க்நெட் இணையதளத்தில் நடக்கின்றன. மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டே கேட்கலாம் என்பதால்தான் உங்களுக்கு ஆசை வருகிறது.

கணக்கைப் பாருங்கள். ரிசர்வ் விலை 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முன்வைப்புத் தொகை வழக்கமாக அதில் 10 சதவீதம், அதாவது 3 லட்சம். நீங்கள் 32 லட்சத்துக்குக் கேட்டு ஏலம் உங்கள் பேரில் முடிகிறது. ஏலத்தொகையில் கால் பங்கு, 8 லட்சம், அன்றைக்கே, தப்பினால் அடுத்த வேலை நாளுக்குள் கட்டியாக வேண்டும். முன்வைப்பைக் கழித்தால் இன்னும் 5 லட்சம். மீதி 24 லட்சத்தை ஏலம் உறுதியானதிலிருந்து 15-ஆம் நாளுக்குள் கட்ட வேண்டும். வங்கி எழுத்தில் சம்மதித்தால் மட்டும் அவகாசம் நீளும், அதுவும் 3 மாதத்தைத் தாண்ட முடியாது. கட்டாவிட்டால் அந்தக் கால் பங்கு பறிபோகும். “கடன் தாமதமாகிவிட்டது, திருப்பிக் கொடுங்கள்” என்று கேட்டு நம் மாநிலத்திலிருந்து ஒருவர் போராடிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா சம்பந்தப்பட்ட அந்த வழக்கில் 2024 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, பறிமுதல் செல்லும் என்று முடித்துவிட்டது. இனி அந்தக் கதவைத் தட்டிப் பயனில்லை.

பதினைந்து நாளில் வீட்டுக் கடன் கிடைக்குமா? ஊரில் சம்பளம் வாங்குகிற ஒருவருக்கே பத்திரப் பார்வை, வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை என்று நாட்கள் ஓடிவிடும். உங்களுக்கு அங்கே உள்ள வேலை ஒப்பந்தம், சம்பளச் சான்று, கணக்கு விவரம் எல்லாம் கூடுதலாகத் தேவைப்படும். ஆகவே ஏலத்தில் பதிவு செய்வதற்கு முன்பே கடனுக்கு மனுப்போட்டு, எவ்வளவு வரும் என்று எழுத்தில் வாங்கிவிட வேண்டும். ஏலம் விடுகிற வங்கியிலேயே கேட்டுப் பாருங்கள்; பத்திரம் அவர்கள் கையில் இருப்பதால் சில நேரம் வேலை வேகமாக நடக்கும்.

எவ்வளவு வரும் என்பது இன்னொரு சங்கதி. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரையும், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கும் மேலே 75 சதவீதமும் தரலாம். இது உச்ச வரம்பு. சுண்ணாம்புக் காரைச் சுவரும் ஓட்டுக் கூரையுமாக நிற்கிற வீட்டின் கட்டட மதிப்பை மதிப்பீட்டாளர் வயசுக்கு ஏற்றபடி தேய்த்துத் தேய்த்துக் கிட்டத்தட்ட மனை விலைக்கே கொண்டுவந்து நிறுத்துவார். தேக்கு உத்தரமும் செதுக்கிய தூணும் உங்களுக்குப் பொக்கிஷம். அவருடைய படிவத்தில் அவற்றுக்குக் கட்டம் கிடையாது. பத்திரச் செலவையும் வங்கி பொதுவாக மதிப்பில் சேர்க்காது. தமிழ்நாட்டில் 2023 முதல் சாதாரணக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஏல விற்பனைச் சான்றிதழுக்கு எவ்வளவு என்று அந்தந்த சார் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒதுக்கி வைக்கும்போது 9 சதவீதம் என்றே வையுங்கள்: 2 லட்சத்து 88 ஆயிரம்.

மீதி 24 லட்சம் முழுவதும் கடனாகக் கிடைத்துவிட்டது என்று நல்லபடியாகவே நினைப்போம். அப்போதும் ஒரு ஓடு மாற்றாமல் உங்கள் கையிலிருந்து போனது ஏறக்குறைய 11 லட்சம். ரிப்பேருக்கு 10 லட்சம் என்று வைத்தால் 32 லட்ச வீடு 45 லட்சத்தில் போய் நிற்கிறது, அதில் 21 லட்சம் உங்கள் சொந்தப் பணம். இதைப் பார்த்த பிறகும் மனம் ஒப்பினால் மேலே படியுங்கள்.

சாவி எப்போது கைக்கு வரும் என்பதில்தான் நான் பார்த்தவர்களில் பலர் இடறினார்கள். அறிவிப்பில் ‘அடையாள சுவாதீனம்’ என்று இருந்தால் காகிதத்தில்தான் வீடு வங்கியிடம் இருக்கிறது; உள்ளே பழைய குடும்பமோ வாடகைக்காரரோ இருக்கிறார்கள். நேரடி சுவாதீனம் பெற வங்கி, சட்டத்தின் 14-ஆவது பிரிவில் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ போக வேண்டும். 30 நாளில் உத்தரவு தர வேண்டும், நீட்டித்தாலும் மொத்தம் 60 நாள் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் மாதங்கள் ஆகும். இதற்கிடையே வங்கியின் நடவடிக்கையை எதிர்த்துக் கடனாளி 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 24 லட்சத்துக்கு 8.5 சதவீதம் என்றால் வட்டி மட்டும் மாதம் 17,000 ரூபாய். பூட்டிய வீட்டுக்கு நீங்கள் அதைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். ‘அடையாள சுவாதீனம்’ என்று போட்டிருக்கிற வீட்டை, வெளிநாட்டில் இருப்பவர்கள் தொடவே வேண்டாம். எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

அந்த மாதங்களில் ரிப்பேர் கடனும் வராது. விற்பனைச் சான்றிதழ் உங்கள் பேரில் பதிவாகி, வீடு கைக்கு வந்து, பொறியாளர் உள்ளே போய் அளந்து எஸ்டிமேட் போட்ட பிறகே வங்கி அந்த விண்ணப்பத்தைக் கையில் எடுக்கும். எடுத்தாலும் வேலை முடிய முடியத்தான் தவணையாக விடுவிக்கும். பழைய வீட்டில் எஸ்டிமேட் சரியாக இருப்பதும் அபூர்வம், பூச்சை உதிர்த்த பிறகுதான் சுவரின் நிலைமை தெரியும்.

மழை யாருக்கும் காத்திருக்காது. ஆவணியில் ஏலம் முடிந்து ஐப்பசியில் சாவி வாங்கினால், உடைந்த ஓட்டோடு வடகிழக்குப் பருவமழை முழுவதையும் அந்த வீடு தாங்க வேண்டியிருக்கும். ஒரே ஒரு அடைமழைக் காலம், அரை நூற்றாண்டு நின்ற உத்தரத்தை முடித்துவிடும். தை பிறந்து ஆனி வரை கூரை வேலைக்கான காலம். பணமும் சாவியும் அந்தக் காலத்துக்குள் கைக்கு வரும்படி ஏலத்தைத் தேர்ந்தெடுங்கள். கார்த்திகையில் நல்ல மழை நாளில் யாரையாவது அனுப்பி வீட்டைப் பார்க்கச் சொல்வது இன்னும் நல்லது. எங்கே ஒழுகுகிறது, முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது, சுவரில் ஓதம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்பதெல்லாம் சித்திரை வெயிலில் தெரியாது.

அனுப்புகிற ஆள் தரகராக இருக்க வேண்டாம். பழைய வீட்டில் வேலை செய்த ஆசாரி ஒருவரும் கொத்தனார் ஒருவரும் போகட்டும். மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால் உத்தரக் கட்டைகளின் நடுப்பகுதி பார்க்க நன்றாகவே இருக்கும்; சுவருக்குள் நுழைகிற முனைகள்தான் ஈரத்தில் மக்கும். ஆசாரி அந்த முனையில் உளியை வைத்து அழுத்திப் பார்த்துச் சொல்லிவிடுவார். ஓட்டுக் கூரை என்றால் வளையிலும் கைமரத்திலும் கரையான் புற்று ஓடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாட்டு ஓடு செய்கிறவர்கள் அருகிவிட்டார்கள் என்பதால், இருக்கிற ஓட்டில் எவ்வளவு மிஞ்சும் என்று எண்ணிப் பார்ப்பதும் முக்கியம். நம்முடையது வண்டல் களிமண். நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். அதனால் சுவரில் ஏறுகிற சாய்வு வெடிப்பைப் பூச்சு வெடிப்பு என்று தள்ளிவிடாமல் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரிப்பேர் பணத்தைச் செலவழிக்கிற வரிசையும் உண்டு. கூரை முதலில். அடுத்தது வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் போக வழி. பிறகு கரையான், பிறகு மின்சார வயரிங் முழுவதும் புதிது. கழிப்பறை, சமையலறைக் குழாய் அதன் பின்னே. பூச்சும் பெயின்டும் கடைசி. நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், படம் பார்த்து மகிழ்வதற்காக முகப்புப் பூச்சு முதலில் நடக்கிறது. இன்னொன்றும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: சுண்ணாம்புக் காரைச் சுவர்மேல் சிமென்ட் பூச்சு போடாதீர்கள். சுவர் உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விட முடியாமல் திணறும். உப்புப் பூத்துச் செங்கல் பொடியாக உதிரும். மறுபடியும் சுண்ணாம்பே பூசுங்கள். செலவு கூடும், தெரிந்த கொத்தனார் கிடைப்பது கடினம், ஆனாலும் அதுதான் அந்தச் சுவருக்கு உகந்தது. மொத்தக் காண்ட்ராக்டும் பழைய வீட்டுக்கு ஒத்துவராது. சாமானை நீங்கள் வாங்கிக் கொடுத்து வேலையைக் கூலிக்கு விடுங்கள்; உறவில் ஒருவர் தினமும் போய் நின்றால்தான் அதுவும் நடக்கும்.

பத்திரம் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. டெல்டாவுக்கே உரிய இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது விவசாய நிலம். சர்ஃபாசி சட்டத்தின் 31-ஆவது பிரிவு விவசாய நிலத்தின் மேலான அடமானத்துக்கு விலக்கு தருகிறது. காவிரிக் கரையில் வீடும், கொல்லையும், கொல்லைக்குப் பின்னால் ஒட்டியபடி அரை மா நஞ்சையும் ஒரே பத்திரத்தில் இருப்பது சகஜம். ஏல அறிவிப்பில் உள்ள சர்வே எண்களில் ஏதாவது ஒன்று பட்டாவில் நஞ்சை என்று இருந்து, அங்கே சாகுபடியும் நடந்தால், முழு ஏலமும் வழக்குக்கு இழுபடலாம். உங்களுக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வீடு வாங்கலாம். விவசாய நிலமோ, தோட்டமோ, பண்ணை வீடோ விலை கொடுத்து வாங்கக் கூடாது. அப்பாவிடமிருந்து வாரிசாக வருவது வேறு. ஆகவே பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம் நான்கையும் அறிவிப்பில் உள்ள நான்கெல்லையோடு ஒத்துப் பாருங்கள். கிராமத்து வீடு என்றால் நத்தம் பட்டா இருக்கிறதா என்று கேளுங்கள்.

இரண்டாவது கோயில் மனை. தஞ்சை அரண்மனை தேவஸ்தானத்தின் கீழ் மட்டும் 88 கோயில்கள். அதற்கப்பால் அறநிலையத் துறைக் கோயில்கள், திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனங்கள், திருப்பனந்தாள் காசி மடம். சன்னதித் தெருக்களிலும் மட விளாகங்களிலும் கட்டடம் ஒருவருடையதாகவும் அடிமனை சாமியுடையதாகவும் இருக்கும். தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் பகுதி என்ற மனை வாடகையைச் செலுத்திக்கொண்டே அதைத் தங்கள் மனையாகவே நினைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் நீங்கள் வாங்குவது செங்கல்லையும் மரத்தையும்தான். பெயர் மாற்றக் கோயில் நிர்வாகத்தின் ஒப்புதலை வாங்கும் வேலையும் வாடகை பாக்கியும் உங்கள் தலையில் விழும், வேறு எந்த வங்கியும் அதன்மேல் ரிப்பேர் கடன் தராது. வக்ஃபு மனைக்கும் இதே எச்சரிக்கை. வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல் தாய்ப்பத்திரம் வரை படிக்க ஒரு நல்ல வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுங்கள்.

‘எங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே’ என்ற நிபந்தனையில்தான் ஏலம் விடுகிறார்கள். சொத்து வரி பாக்கி, பாதாளச் சாக்கடைக் கட்டணம், மின் கட்டண பாக்கி எல்லாம் அதில் அடங்கும். பழைய உரிமையாளரின் மின் பாக்கியை, விதிகள் அப்படி இருந்தால், புது இணைப்புக் கேட்கும் ஏலதாரரிடம் வசூலிக்கலாம் என்று கேரள மின் வாரியம் தொடர்பான வழக்கில் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மின் அட்டை எண்ணைக் கொண்டு பாக்கியை ஏலத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஊரில் உங்களுக்காகக் கையெழுத்துப் போடுபவருக்குத் தரும் பவர் பத்திரம், இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரை பெற வேண்டும். பணம் உங்கள் என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து போகட்டும். மைத்துனர் கணக்கு வழியாகப் போனால் பின்னால் விற்கும்போது கஷ்டம்.

வங்கிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதை உங்கள் மூலமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவர்கள் தேடுகிற வாடிக்கையாளர்கள் நீங்கள்தான். அமெரிக்காவில் 203(கே) என்றொரு வீட்டுக் கடன் முறை உண்டு. பழுதான வீட்டின் விலையையும் பழுது பார்க்கும் செலவையும் ஒரே கடனாக, அரசு காப்புறுதியோடு தருகிறார்கள். ரிப்பேர் பணம் தனிக் கணக்கில் நிற்கும். வேலை நடந்ததைப் பார்வையிட்டுப் பகுதி பகுதியாக விடுவார்கள். எனக்குத் தெரிந்து நம்மிடம் அப்படி எதுவும் இல்லை. வருமான வரியின் பழைய முறையிலும் சொந்தக் குடியிருப்பு வீட்டை வாங்கிய கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு, ரிப்பேர் கடன் வட்டிக்கு வெறும் 30,000. பழைய வீட்டைக் காப்பாற்றுவது நம் கணக்குப் புத்தகங்களில் ஒரு காரியமாகவே இடம்பெறவில்லை. இன்றைய சிட்டி யூனியன் வங்கி, 1904-இல் கும்பகோணம் பேங்க் என்ற பெயரில் பிறந்தது. அப்படி வங்கித் தொழில் வேரூன்றிய இந்த மண்ணில், ஏல வீட்டுக்கென்று கொள்முதலும் பழுதும் சேர்ந்த ஒரே கடனை வகுக்க முடியாதா? வங்கிக்கும் இது நல்லதுதான். வாங்குபவருக்கு ரிப்பேர் பணம் உறுதி என்றால் ஏலத்தில் கூடுதலாகக் கேட்பார், நின்றுபோன ஏலங்களும் முடியும். உங்கள் என்.ஆர்.ஐ. கிளை மேலாளரிடம் ஒவ்வொருவரும் இதை எழுத்தில் கேளுங்கள். பலர் கேட்டால் மேலிடத்துக்குப் போகும்.

அது வரும்வரை, ஏலத்தைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஊரில் ஒரு குடும்பம் கடனில் தத்தளிக்கிறது என்று தெரிந்தால், ஏல அறிவிப்பு வரும் முன்பே அவர்களிடம் நேரே பேசுங்கள். 60 நாள் நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அவர்கள் விற்க முடியாது, சம்மதத்தோடு விற்கலாம். நீங்கள் கொடுக்கும் பணத்தில் வங்கிக் கடன் முடிந்து, மீதி அந்தக் குடும்பத்தின் கையில் சேரும், உங்களுக்குச் சாதாரணக் கிரயப் பத்திரமும் அன்றைக்கே சாவியும் கிடைக்கும். 15 நாள் நெருக்கடி கிடையாது. வீட்டைத் திறந்து காட்டுவார்கள், உளி வைத்துப் பார்க்கலாம், ரிப்பேர் எஸ்டிமேட்டையும் முன்கூட்டியே போடலாம். அறிவிப்பு வெளியானதும் கதை மாறிவிடும். கடனைக் கட்டி வீட்டை மீட்கும் கடனாளியின் உரிமை ஏல அறிவிப்பு வெளியாவதோடு முடிகிறது என்று 2023 செப்டம்பரில் செலிர் என்ற நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் குடும்பத்துக்கும் உங்களுக்கும் நேரம் அதற்கு முன்னால்தான்.

நம் பக்கத்தில் இப்படி வீட்டை இழப்பவர்கள் ஊதாரிகள் என்று நினைத்துவிடாதீர்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. அதிலிருந்து எழுவதற்குள் கொரோனா வந்தது. விவசாய நிலத்துக்குச் சர்ஃபாசி சட்டம் விலக்குக் கொடுத்ததால் அதை வைத்துக் கடன் வாங்குவது கடினம்; அதனால் கடையையும் வியாபாரத்தையும் காப்பாற்ற வீட்டுப் பத்திரத்தைத்தான் வைத்தார்கள்.

ஏலத்திலேயே எடுக்க நேர்ந்தால், கடன் போக மிச்சம் இருந்தால் அது அவர்களுக்குத் திரும்ப வேண்டிய பணம் என்பதை அந்தக் குடும்பத்துக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். பலருக்கு அது தெரியாது. உள்ளே இருக்கிற பத்தாயம், ஊஞ்சல் பலகை, பூஜையறைப் படம், பாத்திரம் எதுவும் ஏலப் பட்டியலில் இல்லாவிட்டால் உங்களுடையது அல்ல. வங்கி அதிகாரி முன்னிலையில் பட்டியல் எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு ஒப்படையுங்கள். எடுத்துப்போக வண்டி வாடகையை நீங்கள் கொடுங்கள். ரிப்பேர் கணக்கில் அதை முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற வங்கிக் கடன் அலுவலர்,
கும்பகோணம்.